யூசர் எரர்னு எழுதறதுக்கு முன்னாடி

கேள்வி: சார், எனக்கு 26 வயசு. கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் குடுக்கற ஒரு கம்பெனில ரெண்டு வருஷமா சப்போர்ட் டீம்ல இருக்கேன். ஒரு சூப்பர் மார்க்கெட்ல கேஷ் கவுண்டர்ல இருக்கற அக்காவுக்கு போன மாசம் மூணு நாள் கல்லா டேலி ஆகல, மொத்தம் 3,840 ரூபா குறையுது. முதலாளி அவங்க சம்பளத்துல பிடிச்சுட்டார். எங்களுக்கு போன் பண்ணி நான் எடுக்கலம்மா, மிஷின்லதான் ஏதோ இருக்குன்னு அழுதாங்க. மிஷின் தானா எழுதி வைக்கற பதிவு, லாக், அத எடுத்துப் பார்த்தேன். மூணு நாளும் சாயங்காலக் கூட்ட நேரம், யூபிஐ பதில் வர லேட் ஆன சில பில்லு கேஷ்னு பதிவான மாதிரி தெரியுது, ஆனா உறுதியா சொல்ல முடியல. வேற எந்தக் கடையும் கம்ப்ளைன்ட் பண்ணல, யூசர் எரர்னு, அதாவது பயன்படுத்தினவங்க தப்புன்னு போட்டு டிக்கெட்டை (கம்ப்ளைன்ட் பதிவை) க்ளோஸ் பண்ணுன்னு மேனேஜர் சொல்றார். நான் கீழ இருக்கற ஆள், கம்பெனி பொறுப்புன்னு வரும்போது நான் என்ன பண்ண முடியும்? இன்னொண்ணு, பிரிட்டன் போஸ்ட் ஆபீஸ் பத்தின டிவி டிராமாவப் பத்தி ஆபீஸ்ல பேச்சு வந்து ரெண்டு சண்டை ஓடுது. அதுல ஹீரோவா நடிச்சவர்தான் ஹாரி பாட்டர்ல டாபிக்கு குரல் குடுத்தவராம், அப்புறம் சாஃப்ட்வேர் கோளாறுக்கு சொல்ற பக்ங்கற வார்த்தையே கம்ப்யூட்டருக்குள்ள செத்துக் கிடந்த ஒரு பூச்சியாலதான் வந்துச்சாம். ரெண்டும் நெஜமா? (பேர் வேண்டாம், கோவை)

பதில்:

க்ளோஸ் பண்ணாதீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல இத சொல்லிடறேன், ஏன்னா நீங்க இத படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த டிக்கெட்டோட கெடு முடிஞ்சு மேனேஜர் உங்க சீட்டுக்குப் பின்னாடி வந்து நிப்பார். க்ளோஸ் பண்ணியே ஆகணும்னா காரணம் தெரியலன்னு எழுதுங்க. யூசர் எரர்னு மட்டும் உங்க கையால எழுதாதீங்க.

நமக்கு அது ஸ்க்ரீன்ல ஒரு லிஸ்ட்ல இருந்து எடுக்கற நாலாவதோ அஞ்சாவதோ ஆப்ஷன். ஆனா பணம் குறையற எடத்துல யூசர் எரர்னு எழுதினா அதுக்கு ரெண்டே அர்த்தம்தான், ஒண்ணு அந்த அக்காவுக்கு எண்ணத் தெரியல, இல்லன்னா எடுத்துட்டாங்க. கடை முதலாளி ரெண்டாவதத்தான் எடுத்துக்குவார். கம்பெனிக்காரங்களே பார்த்து சொல்லிட்டாங்கன்னு நாலு பேருகிட்ட சொல்லுவார், அந்தத் தெருவுல இன்னொரு கடைல அவங்களுக்கு வேலை கிடைக்காது.

நான் 28 வருஷம் டெஸ்டிங், சப்போர்ட்னு இருந்துட்டு இப்ப ஓய்வுல இருக்கறவன், இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா நான் ஒரு தடவை எழுதியிருக்கேன். 2003-ல. நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு கூட்டுறவு கடன் சங்கத்துக்கு பேக்கேஜ் எழுதிக் குடுத்திருந்துச்சு. ஒரு கிளைல இருந்த கிளார்க் கணக்கு இடிக்குது, இல்லாத வரவு கூட ஏறுது, கைல இருக்கற ரொக்கத்தோட ஒத்துப் போகலன்னு மூணு தடவை போன் பண்ணார். நான் டேட்டாவ வாங்கி எங்க ஆபீஸ் மிஷின்ல ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியா வந்துச்சு, யூசர் எரர்னு எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். எங்க ஆபீஸ்ல கரண்ட் போகாது, அங்க தினமும் ரெண்டு தடவை போகும், யூபிஎஸ் பேட்டரி செத்துப் போயி கெடந்துச்சு, ரசீது ஒரு பக்கம் பதிவாகி ரொக்கப் புத்தகத்துல முடிச்சு எழுதறதுக்கு நடுவுல கரண்ட் போச்சுன்னா திரும்ப ஆன் பண்ணும்போது அதே ரசீத மறுபடி பதிவு பண்ணச் சொல்லிக் கேக்கும், அவர் பண்ணுவார், வரவு ரெண்டு தடவை ஏறும், கல்லால பணம் ஒரு தடவைதான் இருக்கும். இத நான் கண்டுபிடிக்க அஞ்சு மாசம் ஆச்சு, அதுவும் இன்னொரு கிளைல இருந்து அதே மாதிரி போன் வந்ததாலதான். அதுக்குள்ள அவர் மெமோ வாங்கி, வீட்டம்மா செயின அடகு வச்சு பணத்தக் கட்டியிருந்தார். நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், அப்ப நான் தப்பு பண்ணலன்னு எழுத்துல குடுப்பீங்களா சார்னு. கம்பெனில கேட்டேன், எழுத்துல குடுத்தா நாளைக்கு நஷ்ட ஈடு கேப்பாங்கன்னு மறுத்துட்டாங்க. வாய் வார்த்தையா சொல்லிட்டு வந்துட்டேன். அந்தக் கடிதத்த நானே என் பேருல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கணும். இன்னைக்கும் எனக்கு அது உறுத்துது.

இப்ப நீங்க கேட்ட டிராமா. ஆமா, அதுல போஸ்ட் ஆபீஸ எதிர்த்து நிக்கற ஆலன் பேட்ஸா நடிச்ச டோபி ஜோன்ஸ்தான் டாபிக்கு குரல் குடுத்தவர், அந்தச் சண்டைய அதோட முடிச்சுக்கலாம். டிராமால வந்த கதைக்குப் பின்னாடி நெஜமான ஆளுங்க இருக்காங்க, உங்க டிக்கெட்டப் பத்தி நான் சொல்ல வேண்டியது முக்கால்வாசி அவங்க கதைலயே இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க.

பிரிட்டன்ல பெரும்பாலான போஸ்ட் ஆபீஸ அரசாங்க ஊழியர் நடத்தறதில்ல. நம்மூர் மளிகைக் கடை மாதிரி ஒரு கடைய வாங்கி, அதுலயே ஒரு ஓரமா போஸ்ட் ஆபீஸ் கவுண்டரும் வச்சு, சொந்தப் பணத்தப் போட்டு நடத்தற ஆளுங்க, சப்-போஸ்ட்மாஸ்டர்னு பேரு. 1999-ல இருந்து அந்தக் கிளைகளுக்கெல்லாம் ஹொரைசன்னு ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, ஃபுஜிட்சு கம்பெனியோடது. வந்த கொஞ்ச நாள்லயே பல கிளைல கணக்கு இடிக்க ஆரம்பிச்சுச்சு. கணக்குல என்ன குறைஞ்சாலும் நடத்தறவங்கதான் கைக்காசு போட்டுக் கட்டணும்னு போஸ்ட் ஆபீஸ் ஒப்பந்தத்தக் காட்டுச்சு. கட்ட முடியாதவங்க மேல திருட்டு, பொய்க்கணக்குன்னு வழக்கு. அங்க இன்னொரு கொடுமை, போலீஸுக்குப் போகாம போஸ்ட் ஆபீஸே தன் ஆள வச்சு விசாரிச்சு, தன் வக்கீல வச்சு கிரிமினல் கேஸ் நடத்துச்சு. பணம் போச்சுன்னு சொல்றதும் அவங்க, விசாரிக்கறதும் அவங்க, வழக்கு நடத்தறதும் அவங்க. 1999-க்கும் 2015-க்கும் நடுவுல 900-க்கு மேல பேருக்கு தண்டனை ஆச்சு, அதுல 700-க்கு மேல போஸ்ட் ஆபீஸே நேரடியா போட்ட கேஸு.

ஜோ ஹாமில்டன்னு ஒருத்தங்க, ஹாம்ப்ஷயர்ல சவுத் வார்ன்பரோங்கற சின்ன கிராமத்துல கடை வச்சிருந்தாங்க. ஒரு நாள் 2,000 பவுண்ட் குறைஞ்சுது, ஹெல்ப்லைனுக்கு போன் போட்டாங்க, அந்தப் பக்கம் சொன்னபடியே ஒவ்வொரு பட்டனா அமுக்கினாங்க, அவங்க கண்ணு முன்னாடியே குறைவு 4,000-ஆ ஆச்சு. கடைசில 36,000 பவுண்ட் திருடிட்டாங்கன்னு கேஸு. ஜெயிலுக்குப் போகாம இருக்க பொய்க்கணக்கு எழுதினேன்னு ஒத்துக்கிட்டாங்க, வீட்ட அடமானம் வச்சாங்க, அந்த கிராமத்து ஜனங்களே காசு போட்டுக் குடுத்து, 2008-ல கோர்ட்டுக்கும் கூட வந்து நின்னாங்க. பிரிட்லிங்டன்ல இருந்த லீ காசில்டன் 90 தடவைக்கு மேல ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணியிருக்கார். தொண்ணூறு தடவை! திருடறவன் எவனாவது தொண்ணூறு தடவை போன் பண்ணி என் கணக்கப் பாருங்கன்னு கெஞ்சுவானா? அவர் மேல சிவில் கேஸ் போட்டு, வக்கீல் வைக்கக்கூட காசில்லாம அவரே வாதாடி, தோத்து, செலவுத்தொகையே 3,21,000 பவுண்ட் கட்டச் சொல்லி திவாலாக்கினாங்க. இந்திய வம்சாவளி சீமா மிஸ்ரா, சர்ரேல வெஸ்ட் பைஃப்ளீட் கிளை நடத்தினவங்க, 2010 நவம்பர்ல 15 மாச தண்டனை வாங்கி ஜெயிலுக்குப் போகும்போது ரெண்டு மாச கர்ப்பம். அன்னைக்கு அவங்க பையனோட பத்தாவது பொறந்த நாள்.

இவங்க எல்லாருக்கும் ஹெல்ப்லைன்ல சொல்லப்பட்ட ஒரு வரி இருக்கு, உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சனை வருது, வேற யாரும் சொல்லல. உங்க மேனேஜர் சொன்னதப் படிச்சப்ப எனக்கு வயித்த என்னமோ பண்ணுச்சு, அதே வரி. வேற எந்தக் கடையும் கம்ப்ளைன்ட் பண்ணலங்கறதுக்கு உங்க சாஃப்ட்வேர் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்லம்மா. கல்லால குறையற கேஷியர்ல பத்துக்கு ஒன்பது பேர் கைக்காசப் போட்டு சரி பண்ணிட்டு வாயத் திறக்க மாட்டாங்க, சொன்னா நம்ம மேலதான் சந்தேகம் வரும்னு பயம். அந்த அக்கா துணிஞ்சு போன் பண்ணியிருக்காங்க.

பக் என்ன மாதிரி இருந்துச்சுன்னு ஒரே ஒரு உதாரணம் சொல்றேன், நீங்க தொழில்ல இருக்கறதால புரியும். ஸ்காட்லாந்துல டால்மெலிங்டன்னு ஒரு ஊர், 2015. பெரிய கிளைல இருந்து சின்ன கிளைக்கு 8,000 பவுண்ட் ரொக்கம் அனுப்பறதுக்கு பார்கோட ஸ்கேன் பண்ணி என்ட்டர் அமுக்கணும். அமுக்கினா ஸ்க்ரீன் மாறல, அப்படியே நிக்குது. யாரா இருந்தாலும் என்ன பண்ணுவோம், மறுபடி அமுக்குவோம். ஒவ்வொரு அமுக்குக்கும் உள்ள ஒரு 8,000 பதிவாச்சு, கணக்குப்படி கூடுதலா 24,000 பவுண்ட் அந்தக் கிளைக்கு வந்திருக்கணும், வரவே இல்ல. ஸ்க்ரீன் பதில் சொல்லாம நின்னா மனுஷன் திரும்ப அமுக்குவான்னு தெரிஞ்சு டிசைன் பண்றது நம்ம வேலை, அத பண்ணாம விட்டுட்டு அமுக்கினவங்க தப்புன்னு சொல்றதுக்கு நமக்கு எந்த உரிமையும் கிடையாது. உங்க யூபிஐ விஷயமும் ஏறக்குறைய இதே ஜாதிதான்னு எனக்குத் தோணுது.

இதுல கீழ இருக்கற ஆள் என்ன பண்ண முடியும்னு கேட்டீங்கல்ல, அதுக்கு வர்றேன். 555 பேர் சேர்ந்து ஆலன் பேட்ஸ் தலைமைல போஸ்ட் ஆபீஸ் மேல வழக்குப் போட்டாங்க. அவர் வேல்ஸ்ல லாண்டட்னோகிட்ட சின்ன கிளை வச்சிருந்தவர், ஹொரைசன் காட்டின கணக்க நான் ஏத்துக்க மாட்டேன்னு சொன்னதுக்காக 2003-ல ஒப்பந்தத்த முறிச்சு வெளில அனுப்பினாங்க. அந்த வழக்குல ஹொரைசன் நம்பக்கூடியதா இல்லையாங்கற விசாரணைல பெரிய சாட்சியா நின்னது எது தெரியுமா, ஃபுஜிட்சு சப்போர்ட் டீமோட டிக்கெட்டுங்க. பீக்னு அவங்க டிக்கெட்டுக்குப் பேரு, அது போக தெரிஞ்ச பிழைகளுக்குன்னு தனியா ஒரு பதிவேடு. போஸ்ட் ஆபீஸ் அந்தப் பதிவேட லேசுல தரல, ரொம்ப இழுத்தடிச்சு, கடைசில கைக்கு வந்ததும் ரெண்டு தரப்பு நிபுணர்களும் ஆயிரக்கணக்குல உக்காந்து படிச்சாங்க. எப்பவோ ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல யாரோ ஒரு சப்போர்ட் இன்ஜினியர், பேரு கூட வெளில தெரியாது, இந்தக் கிளைல நடந்தது எங்க பக்கத்துத் தப்பு மாதிரி இருக்குன்னு நேர்மையா ரெண்டு வரி எழுதி வச்சிருந்தா, அந்த ரெண்டு வரி பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் மானத்தக் காப்பாத்துச்சு. 2019 டிசம்பர்ல தீர்ப்பு சொன்ன நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசன்ல கோளாறு இல்லன்னு போஸ்ட் ஆபீஸ் சாதிச்சது இந்த நூற்றாண்டுல நின்னுக்கிட்டு பூமி தட்டைன்னு சொல்றதுக்கு சமம்ங்கற அளவுக்கு எழுதினார். 2021 ஏப்ரல்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாள்ல 39 பேரோட தண்டனைய ரத்து பண்ணுச்சு, ஜோ ஹாமில்டன், சீமா மிஸ்ரா ரெண்டு பேரும் அதுல உண்டு.

கீழ இருக்கறவங்க பேசாம இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கும் அதே கதைலயே பதில் இருக்கு. கிளையோட கணக்க வெளில இருந்து யாரும் தொட முடியாதுன்னு போஸ்ட் ஆபீஸ் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்துச்சு. ஃபுஜிட்சுல முன்னாடி வேலை பார்த்த ரிச்சர்ட் ரோல்ங்கறவர் 2015-ல பிபிசியோட பனோரமா டிவி நிகழ்ச்சில வந்து, தொடலாம், நாங்களே தொட்டிருக்கோம்னு சொன்னார். ஒரே ஒரு ஆள், சப்போர்ட் டீம்காரர். இன்னொரு பக்கம், ஃபுஜிட்சு தரப்புல கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்ன நிபுணர் தனக்குத் தெரிஞ்ச பக்குகள சொல்லாம விட்டுட்டார், அதனால நிபுணர் சாட்சியோட கடமைய மீறிட்டார்னு போஸ்ட் ஆபீஸோட சொந்த வக்கீல் சைமன் கிளார்க்கே 2013-ல எழுத்துல எச்சரிச்சிருக்கார். அந்தக் காகிதம் தண்டனை வாங்கினவங்க கைக்கு 2020 வரைக்கும் போகல. ஏழு வருஷம்! இதப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் அடங்க மாட்டேங்குது. மிஷின் தப்புப் பண்ணலாம், அத மன்னிக்கலாம், தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு கம்பெனி அத மறைச்சுட்டு அடுத்த ஆள ஜெயிலுக்கு அனுப்பினா அத என்னன்னு சொல்றது.

மதுரைல கோவலனுக்கு நடந்ததும் இதுதானேம்மா. பொற்கொல்லன் சொன்னான், ராஜா கேட்டுக்கிட்டார், முடிஞ்சுது. சிலம்புக்குள்ள முத்தா மாணிக்கமான்னு திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது, அந்த ஒரு நிமிஷத்த யாரும் செலவு பண்ணல, கண்ணகி வந்து உடைச்சுக் காட்டும்போது உயிர் போயிருந்துச்சு. நீங்க லாக் எடுத்துப் பார்த்தீங்க பாருங்க, அதுதான் சிலம்ப உடைச்சுப் பாக்கறது, பாதில நிறுத்திடாதீங்க.

சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. இங்கிலாந்துல 1984 சட்டப்படி கம்ப்யூட்டர் குடுக்கற தகவல சாட்சியா காட்டணும்னா அந்த மிஷின் ஒழுங்கா ஓடுச்சுன்னு காட்டணும்னு இருந்துச்சு. அது ரொம்ப தொந்தரவா இருக்குன்னு 1999-ல ஒரு சட்டம் போட்டு அந்தப் பிரிவ எடுத்துட்டாங்க, அதுல இருந்து மிஷின் சரியா ஓடுச்சுன்னே எடுத்துக்குவாங்க, இல்லன்னு சொல்றவன்தான் ஏதாவது ஆதாரம் காட்டணும். ஹொரைசன் வந்ததும் அதே சமயம்தான். கிராமத்துல கடை வச்சிருக்கற அம்மா எங்க போய் ஃபுஜிட்சு சர்வர்ல பக் இருக்குன்னு காட்டுவாங்க? நம்ம நாட்டுல மின்னணு ஆதாரத்துக்கு சான்றிதழ் வேணும், முன்னாடி பழைய சாட்சியச் சட்டத்துல 65பி பிரிவு, 2024 ஜூலைல இருந்து புது சாட்சியச் சட்டத்துல 63-ஆவது பிரிவு. அந்த சான்றிதழ்ல மிஷின் ஒழுங்கா இயங்கிட்டு இருந்துச்சுங்கற மாதிரி வாசகம் இருக்கும், யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போடணும். உங்கள மாதிரி ஒருத்தர்கிட்டயும் அது ஒரு நாள் வந்து நிக்கலாம், அன்னைக்கு படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

கம்பெனி பொறுப்புன்னு பெரிய வார்த்தை சொன்னீங்க. அந்த டிராமா 2024 ஜனவரி 1-ல இருந்து 4 வரைக்கும் ஐடிவி சேனல்ல நாலு பாகமா வந்துச்சு, ஒரு கோடிப் பேருக்கு மேல பார்த்தாங்க. அதுக்கு முன்னாடியே எல்லா விஷயமும் வெளில வந்தாச்சு, கம்ப்யூட்டர் வீக்லி பத்திரிகை 2009-லயே எழுதுச்சு, கோர்ட் தீர்ப்பு 2019, பொது விசாரணை வேற நடந்துட்டு இருந்துச்சு. ஆனா டிராமா முடிஞ்ச அடுத்த வாரத்துலயே போஸ்ட் ஆபீஸ் முன்னாள் தலைமை அதிகாரி பாலா வெனல்ஸ் தனக்கு அரசு குடுத்த சிபிஇங்கற கௌரவப் பட்டத்தத் திருப்பிக் குடுக்கறேன்னு சொன்னாங்க, மறு நாள் பிரதமர் சட்டம் போட்டு மொத்தமா எல்லாரையும் விடுவிப்போம்னு அறிவிச்சார், மே மாசம் சட்டமே வந்துடுச்சு. ஃபுஜிட்சுவோட ஐரோப்பியத் தலைவர் எம்பிக்கள் முன்னாடி வந்து மன்னிப்புக் கேட்டு, நஷ்ட ஈட்டுல பங்கு குடுக்கற தார்மீகக் கடமை எங்களுக்கு இருக்குன்னு சொன்னார். டிராமா எடுத்தவங்களுக்கு பெரிய கும்பிடு, ஆனா எனக்கு இதுல சந்தோஷத்த விட வருத்தம்தான் அதிகம், ஏன்னா 2025 ஜூலைல வந்த விசாரணை அறிக்கையோட முதல் பாகத்துல குறைஞ்சது 13 பேர் இதனால தற்கொலை பண்ணிட்டிருக்கலாம்னு இருக்கு. அவங்க யாரும் டிராமா வர்ற வரைக்கும் காத்திருக்க முடியல. கம்பெனி பொறுப்புங்கறது ஆண்டறிக்கைல இல்லம்மா, கம்ப்ளைன்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் அத கைல எடுக்கற ஆளுகிட்ட இருந்துதான் அது ஆரம்பிக்குது, மேல போகப் போக அத மறைக்கறது சுலபம் ஆகுது.

பூச்சி விஷயம் பாதி உண்மை. 1947 செப்டம்பர் 9, ஹார்வர்ட் மார்க் 2 கம்ப்யூட்டரோட ரிலேல, அதாவது உள்ள இருக்கற மின் சுவிட்ச்ல, ஒரு அந்துப்பூச்சி மாட்டியிருந்துச்சு, அத எடுத்து லாக் புக்ல டேப் போட்டு ஒட்டி, நெஜமாவே பக் கிடைச்ச முதல் சம்பவம்னு எழுதி வச்சாங்க, அந்தப் பக்கம் இன்னும் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. நெஜமாவே கிடைச்சுதுன்னு எழுதினாங்கன்னா என்ன அர்த்தம், கோளாறுக்கு பக்னு சொல்றது அதுக்கு முன்னாடியே வழக்கத்துல இருந்திருக்கு. எடிசனே 1878-ல ஒரு கடிதத்துல அந்த வார்த்தைய எழுதியிருக்கார். கம்ப்யூட்டர் முன்னோடி கிரேஸ் ஹாப்பர்தான் அந்தப் பூச்சியக் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றதும் சரியில்ல, அவங்க அந்தக் கதைய நல்லா சொல்லிப் பரப்பினவங்க.

ஆனா இந்த பூச்சிக் கதை நம்ம தொழிலுக்கு ஒரு கெட்ட பழக்கத்தக் குடுத்துடுச்சுன்னு நான் நினைக்கறேன். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1988-ல எழுதினார், அத பக்னு சொல்றத விட்டுட்டு பிழைன்னு சொல்லுங்கன்னு. பக்னு சொன்னா நாம அசந்த நேரத்துல எங்கிருந்தோ அது தானா ஊர்ந்து உள்ள வந்த மாதிரி ஆயிடுது, ஆனா அத உள்ள வச்சது நாமதான். நமக்குத் தமிழ்ல பிழைங்கற நல்ல வார்த்தை இருக்கு, அதுக்கு தவறுன்னும் அர்த்தம், உயிர் வாழுன்னும் அர்த்தம். உங்க ப்ரோகிராம்ல இருக்கற பிழை அந்த அக்காவோட பிழைப்புல கை வச்சிருக்கான்னு பாக்கறதுதான் இப்ப உங்க வேலை.

சரி, வேலைக்கு வருவோம். அந்த மூணு நாளுக்கு கடையோட யூபிஐ செட்டில்மென்ட் அறிக்கைய, அதாவது யூபிஐல வந்த பணம் கணக்குல சேர்ந்த பட்டியல, முதலாளிகிட்ட இருந்து முறைப்படி வாங்குங்க, அது அவர் பேங்க்லயோ க்யூஆர் குடுத்த கம்பெனி ஆப்லயோ இருக்கும். அந்த நாள்ல கேஷ்னு பதிவான பில்லையெல்லாம் ஒரு பக்கம் வைங்க, அதே தொகை அதே அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள அவர் கணக்குல விழுந்திருக்கான்னு ஒவ்வொண்ணா தேடுங்க, 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கும், குறிச்சு வைங்க. விழுந்திருந்தா கதை முடிஞ்சுது, பணம் எங்கயும் போகல, முதலாளியோட பேங்க் கணக்குலயே பத்திரமா இருக்கு, கல்லால இருக்கணும்னு உங்க சாஃப்ட்வேர் தப்பா எதிர்பார்த்திருக்கு, நடுவுல அந்த அக்கா சம்பளத்துலயும் வாங்கிட்டாங்க. மேட்ச் ஆகலன்னா அதையும் ஒளிக்காம எழுதுங்க, உங்க சந்தேகம் தப்பாவும் இருக்கலாம், அப்பவும் காரணம் தெரியலன்னுதான் வரும், யூசர் எரர்னு வராது.

டெஸ்ட் மிஷின்ல ஓட்டும்போது நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க. ஆபீஸ் வைஃபைல எல்லாம் சரியாதான் வரும். நெட்ட வேணும்னே இழுங்க, யூபிஐ பதில் 40 செகண்ட் வராத மாதிரி வைங்க, நடுவுல பில்ல மூடுங்க, மறுபடி சேவ் அமுக்குங்க, பின்னாடி பத்து பேர் க்யூல நிக்கறப்ப ஒரு கேஷியர் என்னெல்லாம் அமுக்குவாங்களோ அத்தனையும் அமுக்குங்க. அப்புறம் இதே வெர்ஷன் ஓடற மத்த கடைகள்ல பதில் லேட் ஆகி கேஷா மாறின பில் எத்தனைன்னு டேட்டாபேஸ்ல ஒரு க்வெரி போட்டுத் தேடுங்க. வேற யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலங்கறதுக்கு நெஜமான பதில் அதுலதான் கிடைக்கும்.

மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போக வேண்டாம், அவருக்கும் மேல இருந்து அழுத்தம் இருக்கும். பார்த்தது என்ன, பாக்காதது என்ன, எது இன்னும் வேணும்னு மெயில்ல எழுதுங்க, வாய்ல மட்டும் சொல்லாதீங்க. அதுக்கப்புறமும் யூசர் எரர்னு போடுன்னா, அந்த முடிவ நீங்களே எழுதி உங்க பேருல க்ளோஸ் பண்ணிக்குங்க சார்னு மரியாதையா சொல்லுங்க, பெரும்பாலும் அந்த எடத்துலயே நின்னுடுவாங்க. கஸ்டமர் டேட்டாவ வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, வெளில யாருக்கும் அனுப்பாதீங்க, அது உங்க நியாயத்தையே கெடுத்துடும். இதனால உங்களுக்கு அப்ரைசல்ல அடி விழலாம், விழாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷ அனுபவம் இருக்கு, வேற வேலை தேடற கதவ திறந்தே வைங்க.

அந்த அக்கா விஷயம். பணம் குறைஞ்சுதுன்னு சம்பளத்துல பிடிக்கணும்னா அது அவங்க கவனக்குறைவாலயோ தவறாலயோ வந்த நஷ்டமா இருக்கணும், பிடிக்கறதுக்கு முன்னாடி அவங்க தரப்பக் கேக்கணும், 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்துலயே இருந்த விஷயம் இது. அவங்க தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கலாம். அத நீங்க கம்பெனி சார்பா சொல்லக் கூடாது, ஆனா லாக்ல என்ன இருக்குன்னு ஒரு பக்க அறிக்கை கம்பெனி லெட்டர்ஹெட்ல முதலாளிக்குப் போகணும்னு நீங்க கேக்கலாம், அதுல காப்பி அந்தக் கேஷியருக்கும் வேணும்னு கேக்கலாம். எனக்கு 2003-ல மறுத்த மாதிரி உங்களுக்கும் மறுக்கலாம். மறுத்தா மறுத்தாங்கன்னு டிக்கெட்லயே எழுதி வைங்க, தேதி போட்டு.

நாளைக்கு காலைல ஆபீஸ் போனதும் முதல் வேலையா அவங்களுக்கு போன் பண்ணுங்க. உங்க கம்ப்ளைன்ட்ட இன்னும் மூடல, பாத்துட்டு இருக்கோம்னு சொல்லுங்க, அந்த மூணு நாள் பில் கட்டு தூக்கிப் போட்டுடாம இருக்கச் சொல்லுங்க. செட்டில்மென்ட் அறிக்கை கைக்கு வந்து டேலி பண்ணி முடிச்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, எந்தப் பக்கம் வந்தாலும் சரி.